கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்: பாடம் நடத்த எந்தப் பதிப்பு தேறும்?

சார்லஸ் டிக்கன்ஸின் இந்த நாவலுக்குப் பதிப்புகள் ஏராளம். அட்டை, தாள், எழுத்தளவு பற்றியெல்லாம் சொல்லப் பலர் இருக்கிறார்கள். இங்கே பார்ப்பது ஒரே விஷயம். ஒரு காட்சி இன்னொரு காட்சியை எப்படி எதிரொலிக்கிறது, கதையில் தற்செயல் எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டையும் வகுப்பில் நடத்த எந்தப் பதிப்பு கைகொடுக்கும், எது காலை வாரும்? எடுத்துக்கொண்டவை நான்கு வகை: சுருக்கப் பதிப்பு, இலவச மின்னூல், குறிப்புகளோடு வரும் முழுப் பதிப்பு, ஒலிநூல். ஆசிரியர்களுக்கான மதிப்பீடு என்பதால் கதையின் ரகசியங்கள் எல்லாம் இதில் உடைபடும். நாவலை இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வரலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சுருக்கப் பதிப்பு இந்தப் பாடத்துக்கு ஆகாது. இலவச மின்னூல் எதிர்பார்ப்பதைவிட நன்றாக உதவும், ஆனால் தனியாக நிற்காது. குறிப்புரை உள்ள முழுப் பதிப்பு ஒன்று ஆசிரியர் மேசையில் இருந்தே ஆக வேண்டும். மாணவர் கையில் அது தேவையா என்பது வேறு கேள்வி.

எந்தப் பதிப்பையும் கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு: இரண்டு ஒரு பவுண்டு நோட்டுகளைத் தேடுங்கள். 10ஆம் அத்தியாயத்தில் ஊர்ச் சாராயக்கடையில் முன்பின் தெரியாத ஆள் ஒருவன் கதாநாயகனான சிறுவன் பிப்பின் எதிரே உட்கார்ந்து தன் ரம்மைக் கரண்டியால் கலக்காமல் அரத்தால் கலக்குகிறான். அது பிப் கைதிக்காகத் திருடிக் கொடுத்த அதே அரம். போகும்போது ஒரு ஷில்லிங்கைக் கசங்கிய காகிதத்தில் சுற்றித் தருகிறான். அந்தக் காகிதம்தான் அழுக்கேறிய இரண்டு ஒரு பவுண்டு நோட்டுகள். 28ஆம் அத்தியாயத்தில் பிப் கனவானாகி லண்டனிலிருந்து ஊருக்கு வண்டியில் போகும்போது பின்னிருக்கையில் இரண்டு கைதிகள். அதில் ஒருவன் அந்த அரத்துக்காரன். நோட்டுகளைக் கொடுத்த கதையை அவன் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வது பிப்பின் காதில் விழுகிறது. 39ஆம் அத்தியாயத்தில் அந்தப் பழைய கைதியான மாக்விட்ச் திரும்பி வருகிறான். பழைய கடனைத் தீர்ப்பதாக நினைத்து பிப் இரண்டு புத்தம்புது நோட்டுகளை நீட்டுகிறான். மாக்விட்ச் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து, நீளவாக்கில் மடித்து, ஒரு முறுக்கு முறுக்கி, விளக்கில் பற்றவைத்துச் சாம்பலைத் தட்டில் போடுகிறான்.

அழுக்கு நோட்டு, புது நோட்டு, சாம்பல். இந்த மூன்றும் உங்கள் பதிப்பில் இருந்தால் மேலே போகலாம். மூன்றில் ஒன்று காணவில்லை என்றால் அந்தப் புத்தகத்தை வைத்துக் கதையை நடத்தலாம், கட்டமைப்பை நடத்த முடியாது.

சுருக்கப் பதிப்புகள் தோற்கும் இடம் இதுவே. 59 அத்தியாயங்களைக் கால் பங்காக்க வேண்டுமென்றால் எதை வெட்டுவார்கள்? கதையை நகர்த்தாததுபோல் தெரியும் சின்னச் சின்னக் காட்சிகளை. வண்டியில் கைதிகள் வரும் 28ஆம் அத்தியாயம் வெட்டுக்குத் தோதானது, ஏனென்றால் அதில் ‘ஒன்றும் நடக்கவில்லை’. வக்கீல் ஜாகர்ஸ் தன் வீட்டு விருந்தில் வேலைக்காரி மாலியின் மணிக்கட்டுகளைப் பிடித்துக் காட்டும் 26ஆம் அத்தியாயமும் அப்படியே. தான் காதலிக்கும் எஸ்தெல்லாவைப் பார்க்கும்போது ‘இது யார் சாயல்?’ என்று பிப் தடுமாறும் வரிகள் 29, 32, 33ஆம் அத்தியாயங்களில் மூன்றே இடத்தில் வந்து போகும். அவை போனால் யாருக்கும் நஷ்டம் தெரியாது, 48ஆம் அத்தியாயம் வரும்வரை. அங்கே மாலியின் கைகளைப் பார்த்து அவள்தான் எஸ்தெல்லாவின் தாய் என்று பிப் உறுதிசெய்கிறான். முழு நாவலைப் படித்தவனுக்கு அது இருபது அத்தியாயமாகக் காத்திருந்த விடை. சுருக்கத்தைப் படித்தவனுக்குக் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ‘இவ்வளவு தற்செயலா, நம்பவே முடியவில்லை’ என்று மாணவர் சொன்னால் குறை டிக்கன்ஸிடம் இல்லை, கத்தரிக்கோலிடம் இருக்கிறது.

இலவச மின்னூல் என்றால் இணையத்தில் பழைய நூல்களை இலவசமாகத் தரும் கூட்டன்பர்க் திட்டத்தின் 1400ஆம் எண் நூல். 1867ஆம் ஆண்டுப் பதிப்பின் பாடம், முழுதாக இருக்கிறது, எந்தக் கருவியிலும் திறக்கும். இதன் உண்மையான பலம் தேடல். தற்செயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘கோயின்சிடென்ஸ்’ என்பதைத் தேடச் சொல்லுங்கள். முக்கியமாக இரண்டு இடங்களில் நிற்கும். ஒன்று, 28இல் கைதிகளோடு ஒரே வண்டியில் போக நேர்ந்ததை பிப் அதே சொல்லால் குறிப்பிட்டு, இன்னொரு தற்செயல் வந்து தன் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நடுங்குவது. மற்றொன்று, 44இல் எஸ்தெல்லாவை வளர்த்த மிஸ் ஹாவிஷாம் தன் வக்கீலும் பிப்பின் புரவலரின் வக்கீலும் ஒருவராக இருப்பது தற்செயல் என்று அடித்துச் சொல்வது. ஆக, ஆசிரியர் மறைத்து ஒப்பேற்றிய விஷயமல்ல இது. பாத்திரங்களே பெயர் சொல்லிப் பேசும் விஷயம். இதைக் காட்ட அச்சுப் புத்தகத்தில் அரை மணி நேரம் ஆகும், மின்னூலில் அரை நிமிடம்.

தேடலில் ஒரு சின்னச் சிக்கல். மூடுபனியைக் குறிக்கும் ‘மிஸ்ட்’ என்று மட்டும் தட்டினால் ‘மிஸ்டேக்’, ‘மிஸ்ட்ரஸ்’ எல்லாம் வந்து குவியும். ‘மிஸ்ட்ஸ்’ என்று பன்மையில் தேட வேண்டும். அரத்தைக் குறிக்கும் ‘ஃபைல்’ என்பதைத் தேடும்போது முழுச்சொல் தேடல் இல்லாவிட்டால் ‘ப்ரொஃபைல்’ என்பதும் உள்ளே நுழைந்துவிடும். சொல்லுக்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டுத் தேடினால் பெரும்பாலும் சரியாகும்.

மின்னூலின் குறை குறிப்புரை இல்லாததல்ல. படிக்காமலே தேடும் பழக்கம் வந்துவிடுவதுதான் குறை. இணைக்காட்சி என்பது வாசகன் மறந்துபோன ஒன்று திரும்பி வரும்போது ஏற்படும் திடுக்கிடல். மறக்க நேரமே கொடுக்காமல் இரண்டு காட்சிகளையும் தேடி எடுத்து ஒட்டினால் ஒற்றுமை தெரியும், திடுக்கிடல் இருக்காது. அதனால் நாவலைப் படித்து முடிக்கும்வரை தேடலுக்குத் தடை போடுங்கள். படித்த பிறகு தாராளமாக அவிழ்த்துவிடலாம்.

இந்த இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாவல் முதலில் வந்த விதத்தைப் பாருங்கள். 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை ‘ஆல் தி இயர் ரவுண்ட்’ வார இதழில் 36 வாரத் தொடராக வந்தது. 5ஆம் அத்தியாயத்தில் கைதி பிடிபட்டுப் போவதைப் படித்த வாசகர் அவனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்தார். ‘தொடரும்’ போட்ட கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அத்தனை நாள் இடைவெளியில் வாசகருக்கு நினைவூட்ட ஒரு பொருள் வேண்டும். அரம், நோட்டு, கால் விலங்கு எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன.

குறிப்புரைப் பதிப்புகளுக்கு வருவோம். எட்கர் ரோசன்பர்க் பதிப்பித்து 1999இல் வந்த நார்ட்டன் கிரிட்டிக்கல் எடிஷன் ஆசிரியருக்கான சரியான ஆயுதம். பாடபேதங்கள், பின்னணி ஆவணங்கள், விமர்சனக் கட்டுரைகள், நாவலின் இரு முடிவுகளைப் பற்றிய நீண்ட அலசல் எல்லாம் ஒரே கட்டில் கிடைக்கும். மாணவருக்கு இது கனம், எடையிலும் உள்ளடக்கத்திலும். பாதிப் புத்தகம் நாவலைப் பற்றிய பேச்சு. முதல் முறை படிப்பவர் அதில் மாட்டிக்கொண்டு நாவலுக்கு வந்துசேர மாட்டார்.

மாணவருக்கு வாங்கும் எளிய குறிப்புரைப் பதிப்பில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது, முன்னுரை ரகசியத்தை உடைக்கிறதா? பெரும்பாலும் உடைக்கும். பின்னட்டையும் கதாபாத்திரப் பட்டியலும் அதைவிட மோசம். ‘மாக்விட்ச்: எஸ்தெல்லாவின் தந்தை’ என்று முதல் பக்கத்திலேயே போட்டுவிட்டால் ஐம்பது அத்தியாயத்துக்குக் கட்டிய கோட்டை போச்சு. முன்னுரைப் பக்கங்களைக் கிளிப் போட்டு மூடிவிட்டுக் கொடுப்பது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனம்தான், ஆனால் பலிக்கும்.

இரண்டாவது, அத்தியாய எண். நாவல் 1861இல் மூன்று தொகுதிகளாகப் புத்தகமானது: 19, 20, 20 அத்தியாயங்கள். சில பதிப்புகள் 1 முதல் 59 வரை தொடர் எண் தரும், சில ஒவ்வொரு தொகுதியையும் ஒன்றிலிருந்து எண்ணும். வகுப்பில் இரண்டு வகையும் கலந்தால் பத்து நிமிடம் பக்கம் தேடுவதிலேயே போய்விடும். இரண்டாம் தொகுதியானால் 19ஐக் கூட்டுங்கள், மூன்றாம் தொகுதியானால் 39ஐக் கூட்டுங்கள். கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைத்தால் போதும். இருந்தாலும் தொகுதிப் பிரிவு உள்ள பதிப்புக்கே எங்கள் வாக்கு. முதல் தொகுதி பிப் ஊரைவிட்டுப் புறப்படுவதில் முடிகிறது, இரண்டாவது மாக்விட்ச் திரும்பி வந்த இரவில் முடிகிறது. நாவலின் முதுகெலும்பு அப்போது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவது, குறிப்புகள் எதை விளக்குகின்றன? கடினச் சொல்லுக்குப் பொருள் தருவது அகராதியின் வேலை. இந்தப் பாடத்துக்குத் தேவை இரண்டு வரலாற்றுக் குறிப்புகள். இங்கிலாந்து வங்கி ஒரு பவுண்டு நோட்டை 1797இல்தான் வெளியிடத் தொடங்கியது, நாவல் வெளிவந்த காலத்தில் அது புழக்கத்திலேயே இல்லை. அந்த நோட்டைப் பார்த்ததுமே கதை நடப்பது ஒரு தலைமுறைக்கு முன்பு என்று அன்றைய வாசகருக்குப் புரிந்திருக்கும். அடுத்தது, ஆயுள் நாடுகடத்தல் தண்டனை பெற்றவன் திரும்பி வந்தால் மரண தண்டனை என்ற சட்டம் 1834 வரை இருந்தது. இது தெரியாத மாணவருக்கு 39ஆம் அத்தியாயம் பாதிதான் புரியும். தன் உயிரைப் பணயம் வைத்து ஒருவன் மாடியேறி வந்து இரண்டு கைகளையும் நீட்டுகிறான் என்பதே அந்தக் காட்சி.

இனி, பதிப்பு கையில் இருக்கிறது, நடத்துவது எப்படி?

இணைக்காட்சிக்கு 1ஆம் அத்தியாயச் சந்திப்பும் 39இன் பின்பாதியும் போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டும் ஆசை வரும், அடக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பகுதிகளையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக அச்சிட்டு, நடுவில் மூன்று விரல் அகலம் வெற்றிடம் விடுங்கள். முதல் பதினைந்து நிமிடம் மாணவர்கள் ஒற்றுமைகளை மட்டும் கோடிடட்டும்: உணவு, பயம், பணிவிடை, பிப்பைத் தொடும் கைகள். அடுத்த இருபது நிமிடம்தான் உண்மையான பாடம். கோடிட்ட ஒவ்வொன்றுக்கும் நடுவெளியில் ஒரு தலைகீழ் எழுத வேண்டும். அங்கே கைதி பசித்தவன், பிப் கொடுப்பவன். இங்கே பிப் சாப்பிடுவது, உடுத்துவது எல்லாம் கைதி கொடுத்தது. அங்கே பிப் ஏழு வயதுப் பையன், கைதி அவனைத் தலைகீழாகத் தூக்கிப் பிடிக்கிறான். இங்கே பிப்புக்கு 23 வயது, யாரும் அவனைத் தூக்கவில்லை, ஆனால் அவன் உலகம் தலைகீழாகிறது. அங்கே பயத்தில் செய்த உதவி, இங்கே அன்பில் செய்த உதவி, வாங்கியவனுக்கு அருவருப்பு.

இதில் எது கெட்டுப்போகும்? மாணவர்கள் ஒற்றுமைப் பட்டியலோடு நின்றுவிடுவார்கள். ‘இரண்டிலும் இருட்டு’ என்பது கவனிப்பு, விளக்கம் அல்ல. தலைகீழ் எழுதாத ஒற்றுமைக்கு மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிரச்சினை பாதி தீரும்.

கூடுதல் நேரம் இருந்தால் இன்னொரு சோடி, இதைவிட நுட்பமானது. 8ஆம் அத்தியாயத்தில் சிறுவன் பிப் மிஸ் ஹாவிஷாம் வீட்டின் பாழடைந்த மது வடிக்கும் ஆலையில் அவள் உத்தரத்தில் தூக்கில் தொங்குவதுபோல் ஒரு மாயக்காட்சி காண்கிறான். 49இல் அதே இடத்தில் அதே காட்சி மறுபடி தோன்றுகிறது. மனம் கேளாமல் அவள் நலமாக இருக்கிறாளா என்று பார்க்கத் திரும்பிப் போகிறான், அப்போதுதான் அவள் உடையில் தீப்பற்றுகிறது. முதல் காட்சி இல்லையென்றால் இரண்டாவதில் அவன் வீட்டைவிட்டுப் போயிருப்பான், அவள் தனியாக எரிந்திருப்பாள். இங்கே இணைக்காட்சி வெறும் அலங்காரமல்ல, கதையை நகர்த்தும் காரணம். பல சுருக்கப் பதிப்புகளுக்கு முதல் காட்சி ‘தேவையில்லாத பேய்க்கதை’.

தற்செயல் பாடத்துக்கு வேறு வழி: எண்ணிப் பார்ப்பது. நம்ப முடியாத சந்திப்புகள் அத்தனையையும் மாணவர் பலகையில் எழுதட்டும். குறைந்தது எட்டு வரும். பிறகு ஒவ்வொன்றாக, ‘இதற்கு இடையில் ஒரு மனிதன் இருக்கிறானா?’ என்று கேளுங்கள். பிப்பின் லண்டன் நண்பன் ஹெர்பர்ட்தான் மிஸ் ஹாவிஷாமின் வீடான சேட்டிஸ் ஹவுஸில் சண்டை போட்ட பையன் என்பது? அவன் அப்பா மிஸ் ஹாவிஷாமின் உறவினர், அவரை பிப்புக்கு ஆசிரியராகப் பரிந்துரைத்தவர் ஜாகர்ஸ். அடித்துவிடலாம். எஸ்தெல்லா மாக்விட்சின் மகள் என்பது? மாலியின் வழக்கை நடத்தியவர் ஜாகர்ஸ், மிஸ் ஹாவிஷாமின் வக்கீலும் ஜாகர்ஸ், குழந்தையைச் சேர்த்துவிட்டவரும் அவரே. அதுவும் அடிபடும். அரத்துக்காரன் சாராயக்கடைக்கு வந்தது? மாக்விட்ச் அனுப்பி வந்தவன். அதுவும் போச்சு.

கடைசியில் மிஞ்சுவது மூன்றே. கைதிக்கு உணவு கொடுத்த பையனே சேட்டிஸ் ஹவுஸுக்கு விளையாட அழைக்கப்பட்டது. மாக்விட்சைக் கெடுத்த காம்பேசனும் மிஸ் ஹாவிஷாமை ஏமாற்றியவனும் ஒருவனாக இருப்பது. ஜாகர்ஸ் இரு தரப்புக்கும் வக்கீலாக இருப்பது. மற்றவை எல்லாம் ஜாகர்ஸின் அலுவலகம் என்ற ஒரே வாசலில் நுழைந்து வந்தவை. சுத்தமான கனவான்களின் பணமும் நியூகேட் சிறையின் அழுக்கும் ஒரே மேசையைக் கடந்து போகின்றன என்று காட்டுவதற்கு டிக்கன்ஸ் அந்த ஆளையே நடுவில் நிறுத்தியிருக்கிறார். அவர் ஓயாமல் கைகழுவுவதன் அர்த்தமும் மாணவருக்கு இங்கே தானாகப் பிடிபடும்.

இந்தப் பயிற்சியில் ஒரு பொறி. வலுவில் எல்லாத் தற்செயலையும் நியாயப்படுத்த வகுப்பு இறங்கிவிடும். 28ஆம் அத்தியாய வண்டிச் சந்திப்பை யார் ஏற்பாடு செய்தார்? யாருமில்லை. அது சுத்தமான தற்செயல், ஆனால் அதனால் கதையில் எந்த முடிச்சும் அவிழவில்லை, பயம் மட்டும் கூடுகிறது. மூன்றோடு அதையும் தனி வரிசையில் எழுதி வையுங்கள். சிக்கலைக் கூட்டும் தற்செயலை வாசகர் மன்னிப்பார், சிக்கலைத் தீர்க்கும் தற்செயலைத்தான் சந்தேகப்படுவார் என்ற விவாதத்துக்கு அது நல்ல தொடக்கம்.

ஒலிநூல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் கேட்கவைத்தால் தொடர்கதையின் இடைவெளி ஓரளவு திரும்பக் கிடைக்கும், அது பெரிய லாபம். ஒப்பிடும் பாடத்துக்கு மட்டும் உதவாது, முன்னும் பின்னும் ஓட்டி வரி தேடுவது தலைவலி. டேவிட் லீனின் 1946 படத்தில் கல்லறைத் தோட்டக் காட்சியைக் காட்டலாம், முடிவைக் காட்ட வேண்டாம். அது நாவலின் முடிவு அல்ல.

முடிவு என்றதும் வாங்கும் முன் கடைசியாக ஒன்று. 59ஆம் அத்தியாயத்தைத் திறந்து மூன்று விஷயம் சரிபாருங்கள். பிப்பை வளர்த்த கொல்லர் ஜோவின் மகனான குட்டி பிப்பைப் பெரிய பிப் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு கல்லறைக் கல்மேல் உட்காரவைக்கும் வரி இருக்கிறதா? 1ஆம் அத்தியாயத்தில் கைதி பிப்பை உட்காரவைத்ததன் எதிரொலி அது, ஒரே வரியில் வந்து போகும். காலையில் பனி விலகியதுபோல் இப்போது மாலைப்பனி விலகுகிறது என்ற வாக்கியம் இருக்கிறதா? அது 19ஆம் அத்தியாயத்தின் கடைசி வரியோடு சோடி. அப்புறம், கடைசி வாக்கியம் எந்த வடிவத்தில் இருக்கிறது? 1861 புத்தகத்தில் பிரிவின்மையின் நிழலைக் கண்டதாக வரும். பின்னர் வந்த பதிப்புகளில் இன்னொரு பிரிவின் நிழலைக் காணவில்லை என்று மாறியது. கூட்டன்பர்க் நூலில் இருப்பது இரண்டாவது. டிக்கன்ஸின் எழுத்தாள நண்பர் பல்வர் லிட்டன் சொல்லிக் கைவிடப்பட்ட முதல் முடிவு பின்னிணைப்பில் இருந்தால் கூடுதல் சிறப்பு. அதில் சேட்டிஸ் ஹவுஸும் இல்லை, பனியும் இல்லை. லண்டன் பிக்காடிலித் தெருவில் ஒரு சின்னச் சந்திப்பு, அவ்வளவுதான். இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து வாசித்து, ‘எதில் பழைய காட்சி எதிரொலிக்கிறது, எதில் வெறும் தற்செயல் இருக்கிறது?’ என்று கேட்டால் ஒரு முழு வகுப்புக்குப் பேச்சு ஓடும். பின்னிணைப்பு இல்லாத பதிப்பு வாங்கியவர்கள் அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் நகலெடுத்துக் கொடுத்தால் போதும்.